பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து கம்ப்யூட்டர் திரையின் தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. தாம்பரத்துக்குப் போகும் மின்சார ரயில் மேசையை லேசாக அதிர வைக்கிறது. ஷாயிஸ்தா மவுஸை இறுகப் பிடித்திருக்கிறாள்; அவள் கைமேல் அண்ணன் முதாசிரின் கை. கூரியர் ரசீது என்று மெயிலில் வந்ததை அவன் இறக்கி வைத்திருக்கிறான். திறக்கத்தான் அவள் விடவில்லை. “பி.டி.எஃப்னு பேர்லயே போட்டிருக்கே, கண்ணு தெரியலயா? ஒன்பதாவதோட நின்னுட்டு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா!” அவளுடைய காது மடல் சூடாகிறது. அக்காவின் நிக்காஹ் படங்கள் அத்தனையும் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கின்றன. அவன் கையை உதறுகிறாள். ஃபோல்டரின் மேலே ‘வியூ’வைத் திறந்து, ஃபைல் வகையைக் காட்டச் சொல்லும் சின்னக் கட்டத்தில் டிக் போடுகிறாள். நொடியில் எல்லாப் பெயர்களுக்கும் வால் முளைக்கிறது. படங்களின் பின்னால் ஜே.பி.ஜி. ரசீதின் பின்னால், அந்த பி.டி.எஃப்பையும் தாண்டி, இ.எக்ஸ்.இ. “ரசீதாம்! ரசீது எதுக்குண்ணே ப்ரோக்ராமா வருது? திறந்திருந்தா வைரஸ் புகுந்து அக்கா படம் ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது.” அவள் அந்த ஃபைலை அழிக்கிறாள். முதாசிர் தொண்டையைச் செருமிக்கொள்கிறான். “சரி சரி, அந்த டிக்கை எடுத்துடு. பார்க்கவே அசிங்கமா இருக்கு. எழுந்திரு.” “எடுக்க மாட்டேன்.” குரல் சின்னதுதான். ஆனால் அவன் வந்தாலே விட்டுக்கொடுக்கும் நாற்காலியில், இன்றைக்கு அவள் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்காருகிறாள்.