ஃபிரிட்ஜைத் திறந்தால் குரைக்கும்

“முன்னாடியே சொல்லிடறேம்மா, இது நாய் இல்ல, சனியன்!” கதவைத் திறந்ததுமே ஆரம்பித்தார் பிரகாசம்.

நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மஹதி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். புரூனோ ஓடி வந்து அவள் காலைச் சுற்றி வாலை ஆட்டியது.

“யாரு வந்தாலும் மேல பாயும். உங்ககிட்ட மட்டும் குழையுது பாருங்க! சோறு போடற நான் ஃபிரிட்ஜைத் திறந்தா, மயிலாப்பூருக்கே கேக்கற மாதிரி குரைக்குது.”

“ஆன்ட்டி திறந்தா?”

“கம்முனு படுத்திருக்கும். என்னால ஒரு வாய் தண்ணி எடுக்க முடியல. என் வீட்டுக்காரி ஐரின் சர்ச்சுலேர்ந்து வர்றதுக்குள்ள இதைச் சரி பண்ணிடுங்க.”

“ஒரு தடவை திறந்து காட்டுங்க அங்கிள்.”

திறந்தார். புரூனோ வீடே அதிரக் குரைத்தது. மஹதி ஒரு விரலைத் தூக்கினாள். சட்டென்று அடங்கி உட்கார்ந்துவிட்டது.

“அட, கெட்டிக்காரி!” என்றார் பிரகாசம். நாய் அடங்கிய சந்தோஷத்தில் அவர் கை தானாக ஃபிரிட்ஜுக்குள் போனது. “இதே மாதிரி மொத்தமா நிறுத்திடுங்க.”

“முடியாது அங்கிள். குரைக்கப் பழக்கினதே நான்தான். ஆன்ட்டி இவனை நாகேஸ்வர ராவ் பார்க்குக்குக் கூட்டிட்டு வந்தாங்க. வீட்டுல ஒரு கெட்ட பழக்கத்தை நிறுத்தணும்னு சொன்னாங்க.”

“நாயோட பழக்கத்தையா?”

மஹதி அவர் கையைப் பார்த்தாள். அதில் தண்ணீர் பாட்டில் இல்லை. குலாப் ஜாமூன் கிண்ணம் இருந்தது.

“இல்ல அங்கிள். சுகர் பேஷன்ட்டோட பழக்கத்தை.”