நரம்பு டாக்டர்

1998 ஜூன் 9, அருப்புக்கோட்டை. எழுத்து கடுகாகச் சிறுத்துவிட்டது, வாசிக்க முடியவில்லை என்று பத்திர எழுத்தர் தவசிலிங்கத்திடம் கிரயப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார் சார்பதிவாளர். தவசிலிங்கத்தின் வலது கையும் சில மாதங்களாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"நரம்பு டாக்டர்ட்ட காட்டுவோம்ங்க," என்றாள் மனைவி செண்பகவல்லி.

"நரம்புத் தளர்ச்சின்னு செவரெல்லாம் ஒட்டிருக்கானே, அந்தச் சீக்குன்னு ஊரு சிரிக்கவா? ரெண்டு பொண்ணு இருக்குடி."

"அது வேறங்க. மதுரையில இருக்கவரு மூளை நரம்புக்குப் பாக்குறவரு."

"எல்லாம் ஒண்ணுதான்."

ஆனாலும் பயம் விடவில்லை. மாதாமாதம் ரகசியமாகத் திண்டுக்கல் போய், லாட்ஜில் அறையெடுத்திருந்த அந்தச் சுவரொட்டி வைத்தியரிடம் லேகியம் வாங்கினார். வைத்தியர் கையைப் பார்க்கவே இல்லை. "வீட்டுல சந்தோஷமா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு வருடம் கழித்து தவசிலிங்கம் வீட்டை விற்றார். பத்திரத்தை வேறொருவர் எழுதினார். இவர் கைநாட்டு வைத்தார்.