காலியாகாத ‘ஈ’ டிரைவ்

கம்பெனியின் கேமராக்களைக் கவனிக்கும் நவநீதன் கம்ப்யூட்டரில் புதுப் பென் டிரைவைச் செருகினான். கம்ப்யூட்டர் அதற்கு ‘ஈ’யை விட்டுவிட்டு, அடுத்த எழுத்தான ‘எஃப்’பைக் கொடுத்தது. அப்படியென்றால் ‘ஈ’ இன்னும் காலியாகவில்லை.

ஆம்பூர் தோல் கம்பெனியின் கேமராப் பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க்தான் ‘ஈ’. கழிவுத் தொட்டியில் விஷவாயு தாக்கி ஒருவர் இறந்த மறுநாள், மேனேஜர் சொன்னாரென்று அதைக் கழற்றி, தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் போட்டவன் அவனேதான்.

இறந்தவரின் மனைவி ஹெலன் இன்று காலையும் வந்திருந்தாள்.

“எங்க ஊட்டுக்காரர உள்ள எறங்கச் சொன்னது யாருன்னு வீடியோல இருக்கும்ல சார்?”

“அன்னைக்குக் கேமரா ஓடலம்மா.” அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான். டிஸ்க் இருந்த இடத்தில் வயர் மட்டும் தொங்கியது. திரையிலோ ‘ஈ’ இருந்தது. மனசு கேட்காமல் குழிக்குப் போய்க் குனிந்து எட்டிப் பார்த்தான். தோல்கள் ஊறிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தபோது ‘ஈ’யில் காலியிடம் கொஞ்சம் குறைந்திருந்தது. புதிதாக ஒரு வீடியோ சேர்ந்திருந்தது. திறந்தான்.

திரை முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரின் வெள்ளை. அதற்கு மேலே, குனிந்து எட்டிப் பார்க்கும் அவன் முகம்.