பதினேழாவது உதை

“சார், இது வண்டி இல்ல, பொணம். எரிக்கிறதா புதைக்கிறதான்னு மட்டும் சொல்லுங்க,” என்றார் மெக்கானிக்.

ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க்குக்குச் சுருக்கென்றது. வெள்ளையடிப்பதற்காகச் சாமான் அறையைக் காலி செய்தபோது வெளியே வந்த சின்ன டூ-ஸ்ட்ரோக் பைக் அது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று லாரியில் ஏறி வந்ததோடு சரி, அப்புறம் தெருவையே பார்த்ததில்லை. டேங்க் முழுக்கத் துரு. இரண்டு டயரும் தரையோடு தரை. ஏர் ஃபில்டருக்குள் ஒரு குளவி கூடு கட்டி, குடும்பம் நடத்தி, காலி செய்துகொண்டும் போயிருந்தது.

“பதினோரு வருஷம் முன்னாடி எஞ்சின் போச்சு, நிறுத்திட்டேன். அதுவரைக்கும் இந்த வண்டியில நான் பார்க்காத ஊர் இல்லை. மலைப்பாதையில மட்டும் முப்பத்தாறு வளைவு! வளைவுல வண்டி சாயறப்ப உடம்பும் கூடவே சாயணும், அது தெரியுமா உங்களுக்கு?”

“வாயால ஓட்டறதுக்குப் பெட்ரோல் செலவு கிடையாது சார்.”

கேட்டருகே நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வினை அங்கேதான் பிடித்தது.

“வர்ற ஞாயித்துக்கிழமை, காலைல பத்து மணி. அதுக்குள்ள இந்த வண்டி தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பலைன்னா என் மீசையை எடுத்துடறேன். இதே வாசல்ல!”

சாதாரண மீசையா அது? முப்பது வருஷம் ஆபீஸில் பாதி வேலையை அதுதான் பார்த்தது. கோப்பைப் பிரிக்காமலே, மீசையை ஒரு திருகு திருகினால் போதும், எதிரில் நிற்பவன் நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுவான். அது இல்லாத முகம் எப்படியிருக்கும் என்று அவருக்கே நினைவில்லை.

மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, வரிசை எண் இட்டு, வேலையை ஆரம்பித்தார். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியே மண்ணெண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறவைத்தார். கார்புரேட்டர் ஜெட்டை முடி கனத்துக் கம்பியால் குத்திக் குத்தி அடைப்பெடுத்தார். இரண்டு டயருக்கும் புது ட்யூப் போட்டுக் காற்றடித்தார். டேங்குக்குள் ஒரு கைப்பிடி ஜல்லியைப் போட்டுக் குலுக்கியதில் துரு உதிர்ந்ததோ இல்லையோ, இடுப்பு பிடித்துக்கொண்டது.

டீ குடிக்கப் போகும்போதெல்லாம் மெக்கானிக் கேட்டருகே நின்று எட்டிப் பார்ப்பார்.

“என்ன சார், நோட்டுல எழுதறீங்க? எஞ்சின் மனுவுக்கெல்லாம் இரங்காது.”

“உம்ம வேலையைப் பாரும்.”

“நான் பார்க்கறேன். சலூன்காரரும் ஞாயித்துக்கிழமைக்கு உங்க பேரை எழுதி வெச்சிருக்காரு.”

சனிக்கிழமை மாலை பெட்ரோல் ஊற்றும்போது ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “ஏங்க, ஆயில் கலந்தீங்களா? வெறும் பெட்ரோல் ஊத்தினா பிஸ்டன் பிடிச்சுக்கும்.”

“எல்லாம் எனக்குத் தெரியும். நீ உள்ள போ.”

அவள் தலை மறைந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆயில் வாங்கப் போனார்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கெல்லாம் மெக்கானிக், சலூன்காரரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். கத்தி, சோப்பு, கிண்ணம், உட்கார ஒரு ஸ்டூல், எதிலும் குறைவில்லை.

“சார், கொஞ்சம் வெந்நீர் இருந்தா எரியாம வழிக்கலாம்,” என்றார் சலூன்காரர், மிகுந்த பணிவோடு.

ஹெட்கிளார்க் கிக்கரை உதைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று... மெக்கானிக் ஏலம் போடுகிற குரலில் எண்ணினார். பதினாறு உதையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் பெட்ரோல் குழாயையே திறக்கவில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, யாரும் பார்க்காமல் திருகிவிட்டு, பதினேழாவதாக ஓர் உதை விட்டார்.

டர்... டர்ரர்... டர்ரர்ரர்!

வெள்ளைப் புகை வாசலை மூடியது. சலூன்காரர் இருமினார். மெக்கானிக் திறந்த வாயை மூட மறந்தார். ஹெட்கிளார்க் இரண்டு கையாலும் மீசையை முறுக்கினார்.

“பொணம்னு சொன்னீரே! எப்படிப் பேசுது பாரும்.”

“ஒத்துக்கறேன் சார். கைராசி உங்களுக்கு இருக்கு. இப்ப தெருமுனை வரைக்கும் ஒரு நடை. மணி பத்தாக எட்டு நிமிஷம்.”

முறுக்கிய கை அப்படியே நின்றது.

“இருக்கட்டும். பதினோரு வருஷம் கழிச்சு முழிச்சிருக்கு. இன்னிக்கு ஒரு நாள் ஓய்வு குடுக்கணும்.”

“பந்தயம் தெருமுனைக்கு சார்.”

ஹெட்கிளார்க் கண்ணாடியைத் திருப்பினார். சீட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். வானத்தைப் பார்த்தார், மழைக்கான அறிகுறி மருந்துக்கும் இல்லை.

“நாலு நிமிஷம்,” என்றார் மெக்கானிக். சலூன்காரர் கிண்ணத்தில் நுரை கிளப்பத் தொடங்கினார்.

அந்தச் சத்தம் கேட்டதும் ஹெட்கிளார்க்கின் வீறாப்பெல்லாம் வடிந்துவிட்டது. வீட்டுக்குள் பார்த்து, கேட்டும் கேட்காததுமாகக் கூப்பிட்டார்.

“ஏம்மா... கொஞ்சம் வெளிய வாயேன்.”

மனைவி வந்தாள். தலைமுடியை இறுக்கிக் கட்டி, காலில் ஷூ மாட்டியிருந்தாள். வண்டியில் ஏறி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். ஹெட்கிளார்க் பின்னால் ஏறி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“சார்... நீங்க ஓட்டலையா?” என்றார் மெக்கானிக்.

“அவருக்கு எப்ப தம்பி ஓட்டத் தெரியும்?” என்றபடி கியரைப் போட்டாள் அவள். “நான் முன்னாடி, இவர் பின்னாடின்னு பழைய தெருவுல எவனோ சிரிச்சுட்டான்னுதான், நல்லா ஓடிட்டிருந்த என் வண்டிக்கு எஞ்சின் போச்சுன்னு சொல்லிச் சாக்குப் போட்டு மூடினாரு!”