சரியாக உட்காருவது எப்படி?

டாக்டர் பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பாண்டிமீனா தூங்கிவிட்டாள். சும்மா கண்ணை மூடிக்கொண்டெல்லாம் இல்லை. லேசாகக் குறட்டையே விட்டாள்.

யாருக்குத்தான் கோபம் வராது? மதுரையில் எந்த ஜவுளிக்கடை முதலாளி, சேலை எடுத்துப் போடுகிற பெண்களுக்கு முதுகு வலிக்குமே என்று பிசியோதெரபி டாக்டரைக் கடைக்கே கூட்டி வருகிறார்? கூடலிங்கம் கூட்டி வந்தார்.

அவருக்கும் வலி இருந்தது. கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்தும் முதுகும் பிடித்துக்கொண்டன. விளாங்குடியில் டாக்டர் ஆஷிகாவிடம் போனார். "நீங்க உட்கார்ற விதம்தான் சார் தப்பு" என்றார் டாக்டர். புதுசாக ஒரு சுழல் நாற்காலி வந்தது. இடுப்புக்கு ஒரு குட்டி மெத்தை வந்தது. வலி போயே போய்விட்டது.

"எனக்குக் கெடச்ச சொகம் எம் பிள்ளைகளுக்கும் கெடைக்கணும்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். பிள்ளைகள் என்று அவர் சொல்வது கடையில் வேலை பார்க்கிற பெண்களை. மனுஷர் பேச்சில் என்றைக்குமே குறை வைத்ததில்லை.

கடை திறப்பதற்கு முன்னால் சேலைப் பிரிவில் சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டாயிற்று. 'முதுகு நலன் முகாம்' என்று ஒரு பேனர். அதில் முதுகெலும்பு படத்தைவிட முதலாளி படம் பெரிசு.

"தம்பி, முன்னாடி நின்னு எடுங்க. நாற்காலிக்குப் பின்னாடி போகாதீங்க" என்று போட்டோகிராபரிடம் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொல்லி வைத்தார்.

ஆஷிகா ஆரம்பித்தார். "எல்லாரும் இடுப்ப நாற்காலியோட முதுகுல நல்லா ஒட்டி வைங்க. பாதம் ரெண்டும் தரையில படணும். தோளத் தளர விடுங்க. இப்ப எப்படி இருக்கு?"

"சொகமா இருக்கு டாக்டர்" என்று மொத்த வரிசையும் சொன்னது. அதற்கப்புறம்தான் அந்தக் குறட்டை.

சூப்பர்வைசர் காசிமாயனுக்கு ஏற்கெனவே பாண்டிமீனா மேல் ஒரு கண். ரேக்கில் சாய்ந்து நின்றாள் என்று போன வாரம்தான் முதலாளி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இன்னொரு புகார் வந்தால் வேலை காலி என்று முதலாளியும் சொல்லியிருந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது.

"பாத்தீகளா முதலாளி? நான் அன்னைக்கே சொன்னேன். இதுக்கு சொகுசு கேக்குது."

கூடலிங்கத்தின் முகம் கறுத்தது. டாக்டர் முன்னால் இப்படியா மானத்தை வாங்குவது? "ஏய் பாண்டிமீனா, எந்திரி."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். எங்கே இருக்கிறோம் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது.

"ஒங்களுக்காகத்தான இம்புட்டுச் செலவு பண்றேன்? ஒனக்குத் தூக்கம் கேக்குதோ? போ, கணக்க வாங்கிட்டு வீட்லயே போயித் தூங்கு."

"வேணாம் முதலாளி. தெரியாம அசந்துட்டேன். இனிமே தூங்க மாட்டேன்."

"கொஞ்சம் இருங்க சார்" என்று ஆஷிகா குறுக்கே வந்தார். "ஏங்க, ராத்திரி சரியாத் தூங்கலையா? வலி எதுவும் இருக்கா?"

பாண்டிமீனா முதலாளியைப் பார்த்தாள். சூப்பர்வைசரைப் பார்த்தாள். எப்படியும் வேலை போகப்போகிறது, சொல்லித்தான் தொலைப்போமே என்று நினைத்தாளோ என்னவோ.

"தூக்கமெல்லாம் நல்லாத்தான் வருது டாக்டர். இந்தக் கடையில சேந்ததுலருந்து இன்னிக்குத்தான் உட்கார்றேன். உட்கார்ந்ததும் ஒடம்பு எம் பேச்சக் கேக்கல."

பக்கத்து நாற்காலி அழகம்மாள் குனிந்து தன் வீங்கின காலைத் தடவிக்கொண்டாள்.

ஆஷிகா முதலாளி பக்கம் திரும்பினார். "காலையிலருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டேவா சார்? ஒரு ஸ்டூல்கூடவா இல்ல?"

"என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க?" கூடலிங்கம் சிரித்தார். "கண்ணு முன்னாடி இம்புட்டு நாற்காலி கெடக்கு. பாண்டிமீனா, நீ உட்காரு தாயி. ஒன் வேலை எங்கயும் போகாது."

அவள் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்ன மாதிரியே இடுப்பை ஒட்டி, பாதத்தைத் தரையில் பதித்து உட்கார்ந்தாள். போட்டோகிராபர் அதையும் ஒன்று எடுத்துக்கொண்டார். ஆஷிகாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. எவ்வளவு நல்ல மனுஷரைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லோடு வண்டி ஹாரன் அடித்தது. பந்தல்காரர் சோணை உள்ளே வந்தார்.

"அண்ணே, ஏத்திரவா? அவனியாபுரத்துல ஒரு காதுகுத்து. ஆளுக வந்து நிக்கிறாகளாம்."

கூடலிங்கம் போட்டோகிராபரைப் பார்த்தார். "எல்லாம் எடுத்தாச்சா தம்பி?"

"எடுத்தாச்சு சார்."

"அப்ப ஏத்திக்க சோணை."

பெண்கள் எழுந்தார்கள். பாண்டிமீனா கடைசியாக எழுந்தாள். சோணை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒவ்வொன்றின் முதுகிலும் 'சோணை பந்தல்' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது.

"கிளாஸ் இன்னும் பாதிகூட முடியல சார்" என்றார் ஆஷிகா.

"அதுக்கென்ன, நீங்க பாட்டுக்கு நடத்துங்க டாக்டர்."

கூடலிங்கம் கல்லாவுக்குப் போய், சுழல் நாற்காலியில் இடுப்பை நன்றாக ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

"எப்படி உட்காரணும்கிறத நின்னுக்கிட்டே கேட்டுக்கிருவாங்க."