ஸ்டெப்னி இல்லாத கார்

"கல்லு மேல போற மாதிரி இருக்கு, இடுப்பே ஒடியுது. இந்தத் தடவை சாதா டயர் போடச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார், டயர் கடையில்.

"ஸ்போர்ட்ஸ் காரைப் பத்தி உங்களுக்கு என்ன மாமா தெரியும்? கடைக்காரர் எதிர்ல மானத்தை வாங்காதீங்க" என்று சீறிய மருமகன், "பழையபடி ரன்ஃப்ளாட்டே போடுங்க" என்றான் கடைக்காரரிடம்.

"டிக்கியில ஸ்டெப்னிகூட இல்லையே மாப்பிள்ளை?"

"அது எதுக்கு? பஞ்சரானாலும் இந்த டயர் நிக்காம ஓடும். வாங்கின நாள்லேர்ந்து இதுதான் போட்டிருக்கேன். ஒரு தடவைகூட நடுரோட்டுல நின்னதில்ல. போதுமா?"

மாமனார் அந்த டயரையே வெறித்துப் பார்த்தார்.

"என் பொண்ணு பிரசவ வலியில துடிச்சப்போ, 'பஞ்சராகி நடுரோட்டுல நிக்கிறேன்'னு போன்ல சொன்னியே... அன்னிக்கு எங்கடா இருந்தே?"