வெண்ணிலாவுக்குத் தனி பிளக்

படுத்த படுக்கையாகிவிட்ட மாமனாரைப் பார்த்துக்கொள்ள சுகந்தி வாடகைக்கு எடுத்த ரோபோ வெள்ளைவெளேரென்று இருந்தது. அதனால் அதற்கு வெண்ணிலா என்று பெயர் வைத்தாள். சமையலறை, பூஜையறை என்று வீடு முழுக்க அது தாராளமாகப் போய்வந்தது.

ஒருநாள் காலை, மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த வெண்ணிலா பலமாகத் தும்மியது.

“மெஷினுக்குக்கூட ஜலதோஷம் பிடிக்குமா?” என்றாள் சுகந்தி.

“மன்னிச்சிடுங்க மேடம், தும்மினது நான்தான். என் பேரு அச்சியெங். கென்யாவுல உட்கார்ந்து இதை ஓட்டுறேன். காய்ச்சல்னாலும் கம்பெனியில லீவு தர மாட்டாங்க.”

அவள் பேச்சைத் தமிழாக்கிச் சொன்ன ரோபோவின் மார்புத் திரையில் ஒரு கறுப்பினப் பெண்ணின் களைத்த முகம் தெரிந்தது.

அன்றைக்கே சுகந்தி எலக்ட்ரீஷியனை வரவழைத்து, பால்கனியில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிளக் போடச் சொன்னாள்.

“இனிமே நீ இங்கதான் சார்ஜ் போட்டுக்கணும். பூஜை ரூம், சமையல்கட்டுப் பக்கம் வராதே.”

“சரிங்க மேடம். அப்போ ஐயாவைக் குளிப்பாட்டி டயப்பர் மாத்துறது?”

சுகந்தி பதறிப்போனாள்.

“ஐயோ, அதெல்லாம் நீதாம்மா செய்யணும்! அதுல நாங்க வித்தியாசமே பார்க்க மாட்டோம்.”